மழையைப் பூட்டிய வீடு

செப்டம்பர் 9, செவ்வாய்

மொட்டை மாடியை வாடகைக்குக் கேட்டு ஒரு பெண் வந்தாள். வீடு கேட்டு வருவார்கள், உப்பு போட்டு வைக்கக் கிட்டங்கி கேட்டு வருவார்கள். நிழலுக்குக் கூரைகூட இல்லாத வெறும் மாடியைக் கேட்டு என் ஆயுளில் வந்தவள் இவள்தான். பெயர் பூங்கோதை. கோபிச்செட்டிபாளையம் பக்கம். ஏதோ ஆராய்ச்சி நிலையத்தில் டாக்டர் பட்டத்துக்குப் படிக்கிறாளாம்.

"மேல, ரொம்ப மேலீங்க சார். காத்தே இல்லைங்கற அளவுக்கு மெலிஞ்சு போற இடம். அங்க என்ன நடக்குதுன்னு பார்க்க ஒரு கருவி வைக்கோணும்."

"அதுக்கு எங்க ஊரு எதுக்கு? வடமுந்தல்ல உப்பையும் ஈயையும் விட்டா என்ன இருக்கு?"

"அதுக்குத்தானுங்க. சுத்தி உப்பளம். மரம் மறைக்காது, கட்டடம் மறைக்காது. அடிவானம் வரைக்கும் தெரியுதுங்க."

பதில் பொருத்தமாகத்தான் இருந்தது. ஆனால் நான் சொன்ன வாடகைக்கு மறுபேச்சில்லாமல் தலையாட்டினாள். அங்கேதான் எனக்கு இடித்தது. பேரம் பேசாத ஆள் ஒன்று ஏமாளியாக இருக்க வேண்டும். இல்லையென்றால் அவர் வாங்குவது வேறு ஏதோ சரக்கு. இவள் கண்ணைப் பார்த்தால் ஏமாளி மாதிரி இல்லை.

துறைமுகத்துக்கு நிலம் அளக்கிறார்களா? செல்போன் கோபுரத்துக்கு அச்சாரமா? வரி ஆபீஸ் ஆளா? எதுவானாலும் என் மாடியில் இருந்தால் என் கண் பார்வையில் இருக்கும். சரி என்று சொல்லி, பக்கவாட்டு அறையையும் கொடுத்தேன். சுபா கல்யாணமாகிப் போனபின் வீடு வெறிச்சென்று இருப்பதால் என் மனைவி கனகமணிக்கு ஏக சந்தோஷம். பேச ஆள் கிடைத்துவிட்டது.

செப்டம்பர் 14, ஞாயிறு

கருவி வந்து இறங்கியது. வெள்ளையாக, குடை விரித்த காளான் மாதிரி ஒன்று. அதிலிருந்து ஒரு கறுப்பு வயர், படிக்கட்டு முகப்பில் வைத்த பெட்டிக்குப் போகிறது. பெட்டியில் ஒரு பச்சை விளக்கு. இதற்குள் என்ன இருக்கிறது என்று கேட்டேன். சாட்டிலைட்டிலிருந்து வரும் சிக்னலைக் கேட்கும் என்றாள்.

"கேட்டு?"

"எவ்வளவு தாமதமா வருதுன்னு பார்க்குமுங்க. மேல மின்சாரம் பாய்ஞ்ச ஒரு அடுக்கு இருக்கு. அது கலங்கினா சிக்னலும் கலங்கும்."

தாமதமாக வருவதைக் கணக்குப் பார்க்க ஒரு கருவி. எங்கள் ஊர் லாரிகளுக்கு வைத்தால் உருப்படியாக இருக்கும்.

செப்டம்பர் 23, செவ்வாய்

காலையில் கீழே கடைக்கு இறங்கும்போது பூங்கோதை லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தாள். முகமெல்லாம் பல். நிக்கோபார் பக்கம் கடலுக்கடியில் பூமி அதிர்ந்ததாம். யாருக்கும் சேதமில்லையாம். ஆனால் அதிர்வு மேலே போயிருக்கிறது. திரையில் நேராக ஓடிய கோடு ஓரிடத்தில் பாம்பு மாதிரி நெளிந்தது.

"தரை ஆடினா கடல் ஆடும், சரி. ஆகாசம் எதுக்கும்மா ஆடணும்?"

"தரை தூக்கிப் போட்டா அதுக்கு மேல இருக்கற காத்தையும் தூக்கிப் போடுமுங்க. அந்த அலை மேல மேல ஏறும். இடி மழைக்கும் இப்படித்தான். பெரிய மேகம் குமுறினா அந்தக் குமுறலும் மேல போகும்."

"அவ்வளவு தூரம் போறதுக்குள்ள செத்துப் போகாதா?"

"இல்லீங்களே! போகப் போகக் காத்து மெலிசு. அதனால அலை பெருசாகும். மாட்டுச் சாட்டை பார்த்திருப்பீங்க. கைப்பிடியில லேசா ஒரு அசைப்பு, நுனியில சொடுக்குன்னு பெரிய சத்தம். அந்த மாதிரிங்க."

இதை அவள் சொன்ன விதம் பிடித்திருந்தது. சாட்டை எனக்குத் தெரியும். லாரி வாங்குவதற்கு முன்னால் மாட்டு வண்டியில் உப்பு ஓட்டியவன் நான்.

செப்டம்பர் 24, புதன்

சாட்டை நுனியை ஒருவன் பிடித்து இழுத்தால் கைப்பிடி அசையாதா? கேட்க வேண்டும்.

செப்டம்பர் 25, வியாழன்

கேட்டேன். அவள் சிரித்துவிட்டாள்.

"நல்லாக் கேட்டீங்க போங்க. அத்தனை பெரிய ஆகாசத்தைப் பிடிச்சு இழுக்க எவ்வளவு பெரிய கை வேணும்!"

முடியாது என்று அவள் சொல்லவில்லை. பெரிய கை வேண்டும் என்றுதான் சொன்னாள். இத்தனை வருஷம் கொள்முதல் பேசியவனுக்கு இந்த இரண்டுக்கும் வித்தியாசம் தெரியும்.

அக்டோபர் 6, திங்கள்

மேற்கே கறுத்துக்கொண்டு வந்தது. இன்றோடு உப்பளத்துக்கு மூட்டை கட்ட வேண்டியதுதான் என்று நினைத்தோம். காற்று மாறி, மேகம் அப்படியே வடக்கே நழுவிவிட்டது. ஒரு துளி விழவில்லை.

பிற வருஷங்களில் புரட்டாசிக் கடைசியில் உப்பு வாரும் வாருபலகையைக் கழுவிச் சாத்திவிடுவோம். இந்த வருஷம் இன்னும் பாத்தியில் உப்பு பூத்துக்கொண்டே இருக்கிறது. கரையில் அம்பாரம் அம்பாரமாகக் குவிந்திருக்கிறது.

கணக்கப்பிள்ளை மாசானம் நச்சரிக்கிறார். "அண்ணாச்சி, அடுத்த அளத்துக்காரங்க எல்லாம் அம்பாரத்துக்கு ஓலை போட்டு மூடியாச்சு. நாம மட்டும் தொறந்து போட்டிருக்கோம். ஓலைக்குச் சொல்லட்டா?"

பார்ப்போம் என்றேன். ஓலை இந்த வருஷம் தரமாக இல்லை.

அக்டோபர் 9, வியாழன்

சுபா போன் பண்ணினாள். மாப்பிள்ளை வீட்டார் ஓடைக்கரைப்பட்டியில் உளுந்தும் பாசியும் போட்டிருக்கிறார்கள். கரிசல் நிலம், கிணறு கிடையாது, வானத்தை நம்பிப் போடுகிற விதைப்பு. புரட்டாசியில் விழுந்த ஒரே ஒரு தூறலை நம்பி முளைத்துவிட்டது. இப்போது பயிர் வாடுகிறதாம்.

"மாமா காலையிலயும் சாயங்காலமும் வயலுக்குப் போயி நின்னுட்டு வாராவ. வந்து யார்கிட்டயும் பேசதில்ல. உங்க பக்கம் மேகம் இருக்காப்பா?"

"எங்கம்மா இருக்கு. நீ உடம்பைப் பாத்துக்க. ஏழாம் மாசம் வரப்போவுது. வளைகாப்பு போட்டுக் கூட்டிட்டு வந்திருதோம்."

சம்பந்தியை நினைத்தால் பாவமாகத்தான் இருக்கிறது. மழை பெய்தால் எனக்கு நஷ்டம், பெய்யாவிட்டால் அவருக்கு நஷ்டம் என்று தெரிந்தேதான் சம்பந்தம் பண்ணினோம்.

அக்டோபர் 13, திங்கள்

மதியம் கரண்டு போய்விட்டது. பூங்கோதை திருநெல்வேலி போயிருந்தாள். படியேறிப் பார்த்தேன். பச்சை விளக்கு எரிந்தாலும் கொஞ்சம் மங்கின மாதிரி தெரிந்தது. எலெக்ட்ரீஷியனை வரவழைத்து, கீழே கடை இன்வெர்ட்டரிலிருந்து ஒரு லைன் இழுத்துப் பெட்டிக்குக் கொடுத்தேன். வாடகை வாங்குகிறோம், ஒரு மரியாதை வேண்டாமா.

திரும்பி வந்த பெண்ணுக்குக் கண் கலங்கிவிட்டது. "எங்க நிலையத்துலகூட இப்படிப் பார்த்துக்க மாட்டாங்க அண்ணாச்சிங்க" என்றாள். அண்ணாச்சிக்கும் ஒரு 'ங்க' போட்டவள் உலகத்திலேயே இவள்தான்.

கனகமணி என்னை ஒரு மாதிரிப் பார்த்தாள். "வீட்டுல ஃபேனுக்கு ஒரு லைன் கேட்டு மூணு வருசமாச்சு" என்றாள்.

அக்டோபர் 17, வெள்ளி

மாசானம் தலையைச் சொறிந்துகொண்டு நின்றார். அவர் தலையைச் சொறிந்தால் நல்ல செய்தி வராது.

"அண்ணாச்சி, டீக்கடையில ஒரு பேச்சு ஓடுது. நீங்க மாடியில மிசின் வெச்சு மழையைப் பூட்டிட்டீங்களாம்."

"யாரு சொன்னா?"

"எல்லாருந்தான் சொல்லுதாவ. விளாத்திகுளம் பஸ்ஸுல ஒரு பொம்பள என்கிட்டயே சொல்லுதா, வடமுந்தல்ல ஒரு உப்புக்காரன் இருக்கானாம், வெளங்குவானான்னு."

"நீரு என்ன சொன்னீரு?"

"நான் மதுரைக்காரன்னு சொல்லிட்டேன்."

இதை யார் கிளப்பியிருப்பார்கள்? வடக்கு அளத்துக்காரன் பொறாமை பிடித்தவன். எலெக்ட்ரீஷியன் வாய் நீளம். மாசானமே சொல்லியிருக்கலாம், சொல்லிவிட்டு வந்து செய்தி மாதிரியும் சொல்வார். கனகமணி கோயிலில் யாரிடமாவது பெருமையடித்திருப்பாள். அந்தப் பெண் மேலும் சந்தேகம் இருக்கிறது. ஆராய்ச்சி என்று சொல்லிவிட்டு என் வீட்டில் எதை ஓட்டிப் பார்க்கிறாளோ.

நேராகக் கேட்டுவிட்டேன். "இது மேல எதையாவது அனுப்புமா?"

"அனுப்பாதுங்க. இது காது மாதிரி. கேக்கும், பேசாது."

காது என்று சொல்கிறாள். சரி. ஆனால் அவள் இந்தக் காதை வைத்த நாளிலிருந்து ஒரு நல்ல மழை இல்லையே என்று நினைக்கிறவனை எப்படிக் குறை சொல்வது?

அக்டோபர் 20, திங்கள். தீபாவளி

மகளும் மாப்பிள்ளையும் வரவில்லை. மாப்பிள்ளை போனில், "அலைச்சல் வேண்டாம்னு அப்பா சொல்லுதாவ மாமா" என்றார். குரலில் ஒரு பூட்டு. கனகமணி சுட்ட முறுக்கில் பாதியைப் பூங்கோதை தின்றாள்.

வெயில் அடிக்கிறது. ஐப்பசியில் இப்படி வெயிலை நான் பார்த்ததில்லை. பாத்தியில் உப்பு கண்ணைக் கூசுகிறது.

அக்டோபர் 26, ஞாயிறு

சம்பந்தி அய்யாத்துரை வந்தார். கூட ஊர்ப் பெரியவர்கள் இரண்டு பேர். காபியைத் தொடவில்லை. செருப்பை வாசலில் விடும்போதே மாடியை அண்ணாந்து பார்த்துவிட்டுத்தான் உள்ளே வந்தார்.

"சம்பந்தி, சுத்தி வளைக்காமக் கேக்கேன். மேல இருக்கது மழையைத் தடுக்கா?"

"என்ன பேச்சு பேசுதீங்க? அது ஆகாசத்தை ஒட்டுக் கேக்கிற பொட்டி. படிக்கிற பிள்ளை வெச்சிருக்கு."

"சந்தோசம். அப்போ நம்ம அம்மன் கோயில்ல சூடத்தை ஏத்துவோம். அணைச்சு, 'தடுக்கல'ன்னு ஒரு வார்த்தை சொல்லிருங்க. நான் ஊருல போயி அத்தனை வாயையும் அடைச்சிருதேன்."

"இந்த அற்ப விசயத்துக்கா சூடம் அணைக்கிறது?"

"உங்களுக்கு அற்பம். எங்களுக்கு வயலு." அவர் குரலை உயர்த்தவே இல்லை. "பங்குனியில எடைத் தகராறுல லாரிக்காரன் முன்னால பட்டுனு அணைச்சீங்களே. நான் பக்கத்துலதான நின்னேன்."

"அது எனக்குத் தெரிஞ்ச விசயம்."

சொன்ன பிறகுதான் அது வாயிலிருந்து வந்துவிட்டது தெரிந்தது. பெரியவர்கள் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"அப்போ இது தெரியாத விசயமா?" என்றார் சம்பந்தி.

அந்தப் பெண்ணையே கூப்பிட்டு விளக்கச் சொல்கிறேன் என்றேன். அவள் வந்து, மின்சார அடுக்கு, அலை, சாட்டை என்று அழகாகச் சொன்னாள். அவர்கள் அவளைப் பார்க்கவேயில்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். எழுந்து போய்விட்டார்கள்.

நான் சூடம் அணைக்காதது சரிதான். ஊரான் கேட்டதற்கெல்லாம் சத்தியம் செய்ய ஆரம்பித்தால் அதற்கு முடிவு ஏது?

அக்டோபர் 28, செவ்வாய்

ஓடைக்கரைப்பட்டியிலிருந்து ஆள் வந்து சொல்லிவிட்டுப் போனான். வளைகாப்புக்கு அழைக்க வர வேண்டாம். பிரசவத்தையும் அவர்களே பார்த்துக்கொள்வார்களாம். மிஷினை இறக்கினால் பிறகு பேசலாமாம்.

தலைப்பிள்ளை பிரசவம் அம்மா வீட்டில் இல்லை என்றால் ஊரில் என்னவெல்லாம் பேசுவார்கள் என்று கனகமணி ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே அழுதாள். பிறகு அழுகையை நிறுத்திவிட்டுக் கேட்டாள்.

"உங்களுக்கு உப்பு வேணுமா, பொண்ணு வேணுமா?"

"ரெண்டுக்கும் என்னடி சம்பந்தம்? அது வெறும் பொட்டி."

"வெறும் பொட்டின்னா எறக்க வேண்டியதுதான?"

பூங்கோதைக்குக் கொடுத்த வாக்கு இருக்கிறது. தை வரைக்கும் என்று பேசியிருக்கிறோம். நான் வாக்கு மாறுகிறவன் இல்லை.

அக்டோபர் 31, வெள்ளி

வங்கக் கடலில் காற்றழுத்தத் தாழ்வு நிலை என்று செய்தி. பூங்கோதை துள்ளிக் குதிக்கிறாள். இவ்வளவு நாள் அவள் காத்திருந்தது இதற்குத்தானாம். தலைக்கு நேர் மேலே புயல் மேகம் குமுறும்போது மேலே என்ன ஆகிறது என்று பிடித்துவிட்டால் அவள் படிப்பே முடிந்த மாதிரியாம்.

"மழை வந்துருமா?" என்று கேட்டேன்.

"வந்தா நல்லதுங்க. ஆனா போன தடவ மாதிரி நழுவிருச்சுன்னா என் கதை கந்தல்."

மாசானம் மறுபடியும் ஓலை என்று ஆரம்பித்தார். திங்கட்கிழமை சொல்கிறேன் என்றேன். "அண்ணாச்சி, நீங்க எதை நம்பி இருக்கீங்கன்னு எனக்குப் புரியல" என்றார். இந்த ஆளுக்கு நாக்கு நீண்டுவிட்டது.

நவம்பர் 1, சனி

சுபா போன் பண்ணினாள். யாருக்கும் கேட்காமல் இருக்க வாயைப் பொத்திக்கொண்டு பேசுகிறாள் போல. "என்னைக் கூட்டிட்டுப் போங்கப்பா" என்றாள். அவ்வளவுதான். வைத்துவிட்டாள்.

கல்லாவைப் பூட்டினேன். பிறகு சம்பந்திக்குப் போன் போட்டு, மிஷினை நிறுத்தப் போகிறேன் என்றேன்.

"எப்படி நம்பறது? வீடியோவுல காட்டுங்க" என்றார். அந்தப் பக்கம் பத்துத் தலை திரையை எட்டிப் பார்த்தது. பூங்கோதை ஏதோ சாமான் வாங்கத் தூத்துக்குடி போயிருந்தாள். படியேறினேன். இன்வெர்ட்டர் பிளக்கையும் பிடுங்கினேன், வீட்டு பிளக்கையும் பிடுங்கினேன். இரண்டையும் கையில் தூக்கிக் காட்டினேன். அந்தப் பக்கம் ஒரு குலவைச் சத்தம் கேட்டது.

பெட்டியில் பச்சை விளக்கு அணையவில்லை. அணைய நேரமாகும் போல. போனைக் கடல் பக்கம் திருப்பிக்கொண்டேன்.

"சரி சம்பந்தி, வெள்ளிக்கிழமை வந்து வளைகாப்பு போட்டுப் பிள்ளையைக் கூட்டிட்டுப் போங்க" என்றார் அய்யாத்துரை.

இறங்குவதற்கு முன் இன்னொரு தடவை பார்த்தேன். எரிந்துகொண்டுதான் இருந்தது. எனக்கு மிஷின் வேலையெல்லாம் தெரியாது. பிளக்கைப் பிடுங்கச் சொன்னார்கள், பிடுங்கிவிட்டேன். அதற்கு மேல் என்ன செய்ய முடியும்?

நவம்பர் 2, ஞாயிறு

மேகம் கீழே இறங்கி நிற்கிறது. காற்று இல்லை. அம்பாரத்தைப் போய்ப் பார்த்தேன். மாசானம் தன் பொறுப்பில் கடையிலிருந்து ஒரு தார்ப்பாய் கொண்டுவந்து ஓரத்தில் ஒரு குவியலை மட்டும் மூடியிருந்தார். எதற்கு இந்த அவசரம் என்று சத்தம் போட்டேன்.

நவம்பர் 3, திங்கள்

விடியும்போது ஆரம்பித்தது. மாடியில் யாரோ சரளைக்கல்லைக் கொட்டுவது மாதிரி. கனகமணி கையெடுத்துக் கும்பிட்டாள். நான் குடையை எடுத்துக்கொண்டு மாடிக்கு ஓடினேன். உப்பளத்துக்குத்தான் ஓடியிருக்க வேண்டும் என்று இப்போது எழுதும்போது தெரிகிறது.

வெள்ளைக் காளான் மேல் மழை தெறிக்கிறது. பெட்டியைத் திறந்து பார்த்தேன். பச்சை விளக்கு எரிகிறது. நிதானமாக, மங்காமல், மழைக்கு நடுவில் எரிகிறது.

உப்பளம் போனபோது பாத்தியும் வரப்பும் தெரியாமல் ஒரே வெள்ளம். மூடாத அம்பாரங்கள் கண் எதிரே சரிந்து, பால் மாதிரி வழிந்து ஓடிக்கொண்டிருந்தன. மாசானம் மூடிய ஒரு குவியல் மட்டும் மிச்சம். அவர் குடையைத் தன் தலைக்கு மேலிருந்து எடுத்து என் தலைக்கு மேல் பிடித்தார். என் கையிலும் குடை இருந்தது, விரிக்காமல்.

நவம்பர் 5, புதன்

இன்னும் விடவில்லை. பூங்கோதைக்குக் கால் தரையில் இல்லை.

"யாரோ ரெண்டு பிளக்கையும் புடுங்கியிருக்காங்க அண்ணாச்சி! பெட்டிக்குள்ள பேட்டரி இருந்ததால தப்பிச்சேன். ஒரு நிமிசம்கூட நிக்காம ஓடியிருக்குதுங்க. இங்க பாருங்க, இதான் நம்ம மழை!"

திரையில் கோடு நெளிந்தது. நிக்கோபார் அதிர்வின் நெளிவு ஒற்றைச் சொடுக்கு. இது வேறு மாதிரி, வளையம் வளையமாக, குளத்தில் கல் மேல் கல்லாகப் போட்ட மாதிரி. கீழே என் உப்பு கரைந்துகொண்டிருந்த நேரம், மேலே இது நடந்திருக்கிறது.

"ஒரு நிமிசம்கூட நிக்கலையா?" என்று கேட்டேன்.

"நிக்கலீங்க."

"மழை ஆரம்பிக்கதுக்கு முன்னாடியும்?"

"ஆமாங்க. ஏன்?"

சும்மா கேட்டேன் என்றேன்.

நவம்பர் 7, வெள்ளி

ஓடைக்கரைப்பட்டியில் வளைகாப்பு. கார் சேற்றில் மாட்டி, ஊரே வந்து தள்ளியது. உளுந்து தலை நிமிர்ந்திருக்கிறது. சம்பந்தி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வரப்பில் நின்றபடியே என்னைக் கட்டிப் பிடித்தார். முதுகெல்லாம் சேறு.

பந்தியில் எனக்குத்தான் முதல் இலை. போன மாதம் காபியைத் தொடாத அந்தப் பெரியவர்கள் இரண்டு பேரும் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்கள்.

"அண்ணாச்சி, நடந்தது நடந்துபோச்சு. அடுத்த வருசம் ஆவணியிலயே பிளக்கைப் புடுங்கிருங்க. அறுப்பு முடிஞ்சதும் நீங்க என்ன வேணும்னாலும் பூட்டிக்கிடுங்க, நாங்க கேக்க மாட்டோம்."

"அறுப்புக்கு ஒரு வாரம் வெயில் வேணும், அதையும் சொல்லிரும்" என்றார் மற்றவர்.

விளையாட்டுக்குச் சொல்கிறார்களா என்று முகத்தைப் பார்த்தேன். விளையாட்டில்லை. பெண்கள் என்னைக் கண்டதும் குரலைத் தாழ்த்துகிறார்கள். ஒருத்தி குழந்தையைத் தூக்கிக்கொண்டு விலகினாள். இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். சொன்னால், பிறகு எதை நிறுத்தினாய் என்று கேட்பார்கள். சுபாவின் இரண்டு கையிலும் வளையல் ஏறிக்கொண்டிருந்தது. வாயை மூடிக்கொண்டு பாயசத்தைக் குடித்தேன்.

திரும்பி வரும்போது வடக்கு அளத்துக்காரன் போன் பண்ணினான். அந்த மாதிரிப் பெட்டி எங்கே கிடைக்கும் என்று விசாரிக்கிறான்.

நவம்பர் 8, சனி

மகள் வீட்டில் இருக்கிறாள். வளையல் சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கிறது. காலையில் பூங்கோதையோடு உட்கார்ந்து லேப்டாப்பில் எதையோ பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். மதியம் நான் சாப்பிடும்போது எதிரே வந்து உட்கார்ந்தாள்.

"அப்பா, ஊருல என்னை ஒரு மாதிரிப் பாக்காவ. மழையை நிறுத்தினவர் மகள்னு. நிஜமாவே அந்தப் பொட்டி மழையைத் தடுத்துச்சா?"

இவளுக்காவது உண்மை தெரியட்டும் என்று எல்லாவற்றையும் சொன்னேன். மழை பெய்தபோதும் அது ஓடிக்கொண்டுதான் இருந்தது, அதற்கு முன்னாலும் நிற்கவேயில்லை, அது வெறும் காது, கீழே நடப்பதுதான் மேலே போகிறது, மேலேயிருந்து யாரும் எதையும் இழுக்க முடியாது. பூங்கோதையும் அதையேதான் சொன்னாள் என்று தலையாட்டினாள். அவள் முகம் தெளிந்தது. எனக்கும் சோறு இறங்கியது.

மோர் ஊற்ற எழுந்தவள் அப்படியே நின்றாள்.

"அப்போ மாமா சூடத்தை அணைக்கச் சொன்னப்போ ஏம்ப்பா அணைக்கல?"

மாடியில் ஏதோ சத்தம் கேட்கிறது, பார்த்துவிட்டு வருகிறேன் என்று எழுந்தேன். கையைக்கூடக் கழுவவில்லை. மேலே போய் வெகு நேரம் நின்றேன். சத்தம் எதுவும் இல்லை.